விழாத கோடு

என் நாத்தனாரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவருடைய லேப்டாப் திரையில் கிடந்த அந்தக் கோடுதான். மேலேயிருந்து கீழே சரிந்து இறங்க வேண்டிய கோடு. மருத்துவமனை வராந்தாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாத்தனார் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். கோடு படுத்தே கிடந்தது. ஒவ்வொரு புள்ளியும், உள்ளே படுத்திருந்த என் கணவரின் இரத்தத்தில் எண்ணிய மலேரியாக் கிருமிகளின் கணக்கு.

நாத்தனார் கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் ஆராய்ச்சி செய்பவர். மலேரியாக் கிருமி மருந்துக்கு அடங்க மறுக்கிறதா என்று சமன்பாடு போட்டுக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மருந்து ஏறியதும் கோடு மளமளவென்று விழுந்தால் மருந்து வேலை செய்கிறது. விழாவிட்டால் கிருமி மருந்தை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டது. எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. பீன்யா கம்பெனியிலிருந்து ஒடிசா சுரங்கத்துக்கு இயந்திரம் பொருத்தப் போன அவர் தம்பி, அதாவது என் கணவர், காய்ச்சலோடு திரும்பியபோது, டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பதில் சொன்னவரும் அவரே. மனைவி என்று ஒருத்தி பக்கத்தில் நிற்பது யாருக்கும் நினைவில்லை. வயிற்றுத் தழும்பைப் பற்றிக் கேட்டதற்குக்கூட, "குடல்ல சின்ன ஆபரேஷன்" என்று முந்திக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

மருந்து ஏற்றிய மறுநாள் பிற்பகல் டாக்டரின் முகம் சரியில்லை. கிருமி குறையவில்லை, வேறு மருந்துக்கு மாற்றலாம், ஆனால் அது இதயத்துடிப்பைக் குலைக்கக்கூடும் என்றார்.

"மாத்திடுங்க டாக்டர். கோடு விழவே இல்ல," என்றார் நாத்தனார். அவர் குரல் நடுங்கி அன்றுதான் கேட்டேன். எனக்கோ பயத்தைவிடக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"கோட்ட விடுங்க அண்ணி, ஆள வந்து பாருங்க. ஜுரம் விட்டுப்போச்சு. எந்திரிச்சு உக்காந்து, இட்லி கல்லு மாதிரி இருக்குன்னு என்னோட சண்ட போடுறாரு."

நாத்தனார் நிமிர்ந்தார். "கிருமி உசுரோட இருந்தா ஜுரம் எப்படிம்மா விடும்? செத்த கிருமியா இருந்தா, மண்ணீரல் அத அரிச்சு எடுத்திருக்குமே."

"அவருக்குத்தான் மண்ணீரலே இல்லையே, அண்ணி."

கல்யாணமான புதிதில் அத்திபெலே பக்கம் வண்டியிலிருந்து விழுந்து, உள்ளே இரத்தம் கசிந்து, மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். மாமியாருக்கு நெஞ்சுவலி என்பதால் ஊருக்குக் குடல் ஆபரேஷன் என்று சொல்லச் சொன்னவர் என் கணவர். அக்காவுக்கும், அதாவது நாத்தனாருக்கும், அதே கதைதான்.

நாத்தனார் டாக்டரிடம் ஓடினார். ஸ்கேனில் மண்ணீரல் இல்லை. கிருமிகள் வளர்கின்றனவா என்று ஆய்வகத்தில் வைத்துப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை நாத்தனார் என் கையை இறுகப் பிடித்திருந்தார். கிருமிகள் வளரவில்லை. மருந்து எப்போதோ கொன்றிருந்தது. அள்ள ஆளில்லாமல் கிடந்த பிணங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். மருந்தை மாற்றவில்லை.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி உடம்புன்னு வெச்சுக் கணக்குப் போட்டேன். உன்ன ஒரு வார்த்த கேக்கலையே," என்று அழுதார்.

"நீங்க எங்க என்னப் பேச விட்டீங்க?" என்று நானும் விட்டுவைக்கவில்லை.

அதன்பிறகு கோடு விழாத இடத்திலெல்லாம் நோயாளியின் வீட்டாரைக் கேட்காமல் அவர் முடிவு சொல்வதில்லை. போன வாரம் எங்கள் ஈஜிபுரா வீட்டுக்கு வந்தவர், வழக்கம்போல் தம்பியை வம்புக்கு இழுக்கவில்லை. கொடுத்த காபி ஆறிப்போனது. எங்கோ ஓர் ஊரிலிருந்து இன்னொரு நோயாளியின் புள்ளிகள் வந்திருக்கின்றனவாம்.

"அவர் சம்சாரத்துக்கிட்டயே போன்ல பேசிட்டேன்மா. மண்ணீரல் இருக்கு. ஆபரேஷன் எதுவும் இல்ல. ஜுரமும் விடல. இது நெசமாவே மருந்த ஏமாத்துற கிருமிதான்."

உள்ளே என் கணவர் கிரிக்கெட் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளைப் பேச விட்டார்கள். அவளும் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். அப்படியும் கோடு விழவில்லை.