இருக்கிறன், போங்கோ

பேய் என்றால் நடுச்சாமம், சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம். எனக்கு நடந்தது வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியில் திருகோணமலை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இது உண்மையாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அதுவரை நானும் நம்பாத ஆள்தான். பேய்க் கதை எடுப்பவர்களை "வேற வேலை இல்லையோ?" என்று கேட்டு வாயை அடைக்கிறவள்.

என் பெயர் ஷிஃபானா. ஊர் கிண்ணியா. கம்பனிகளில் சேர்வர் படுத்துவிட்டால் போய் எழுப்பிக் கொடுப்பது என் தொழில். அப்போது என் மகள் சனூஸாவுக்கு ஏழு மாதம். என்னிடம் மட்டும்தான் பால் குடிப்பாள். போத்தலைக் கண்டால் வீட்டையே இரண்டாக்குவாள். ஜும்மாத் தொழுகை முடிகிற நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

உள்துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் கம்பனி. பெயர் வேண்டாம். மீனை உறைய வைத்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர்கள். கீழே, ஆள் நடந்து போகக்கூடிய பெரிய குளிர் அறை. அதன் பக்கத்தில் கூரை போட்ட வெறும் சீமெந்துத் தரை. நிழலாகக் கிடந்ததால் ஸ்கூட்டரை அங்கே விட்டேன். மேல் மாடியில் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. சேர்வர் அங்கேதான். கீழே குளிரைப் பார்ப்பதும், கதவுகளைத் திறந்து பூட்டுவதும் அதன் வேலை. அந்தச் சின்ன அறையின் கதவும் அதில்தான் ஓடியது. முதல் நாள் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சேர்வர் விழுந்துவிட்டது. எத்தனை தரம் போட்டாலும் நீலத் திரை. எல்லாவற்றையும் கையால் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

நான் போனபோது மனேஜர் நஸ்ரி நாநா சேர்வருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. கீழே இருப்பவர்களோடு கதைப்பதற்கு. அதில் திடீரென்று ஒரு குரல்.

"ஆள் இருக்கோ?"

நஸ்ரி நாநா பொத்தானை அழுத்தினார். "இருக்கிறன், போங்கோ."

"கொஞ்சம் எழும்புங்கோ நாநா, நான் வேலையைத் தொடங்க வேணும்" என்றேன்.

"ஏலாது தங்கச்சி. இப்ப ஒராள் கூல் ரூமுக்குள்ள போறார். கதவு இறுகிட்டா உள்ளுக்கிருந்து இந்தப் பெட்டியிலதான் கூப்பிடுவார். இருக்கிறன் எண்டு சொன்ன ஆள், அவர் வெளியில வரும்வரைக்கும் இந்தக் கதிரையை விட்டு எழும்பக் கூடாது."

"இது என்ன சட்டம்?"

"சட்டம் இல்ல. வாக்கு."

அவர் சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது. கீழே போனவர் வெளியில் வந்து சொன்ன பிறகுதான் மனுசன் எழும்பினார்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு எல்லோரும் ஜும்மாவுக்குக் கிளம்பினார்கள். மற்றவர்கள் சோற்றுக்குப் போனார்கள். "கூல் ரூமைப் பூட்டியாச்சு. உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல. நீங்கள் வேலையைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு நஸ்ரி நாநாவும் போனார். கதவு தானாக மூடிக்கொண்டது. பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது, பூட்டு விழவில்லை என்று அர்த்தம்.

நான் வேலையில் இறங்கினேன். பழுதாகியிருந்தது ரெஜிஸ்ட்ரி. அதைச் சேர்வரின் ஞாபகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன்னோடு என்னென்ன இணைந்திருக்கிறது, எந்தக் கதவு, எந்த அறை என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது கெட்டால் மெஷினுக்குத் தன்னையே தெரியாது. பழைய நல்ல பிரதி ஒன்று கிடைத்தால், கெட்டதை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்து எழுப்பலாம். தேடிப் பார்த்தேன். ஒரேயொரு பிரதிதான் கிடைத்தது. போன வருடத்து ஜூலை மாதம். என்ன செய்வது, பழைய ஞாபகமென்றாலும் ஞாபகம்தானே. போட்டேன்.

நான் கொண்டுவந்த பென் டிரைவைக் கழற்றிவிட்டுச் சேர்வரைத் திரும்பப் போட்டேன். விசிறி சுற்றியது. நீலத் திரை வரவில்லை. எழும்பிவிட்டது! "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொன்னேன்.

குளிர் அறைகளின் பக்கம் திரையில் திறந்தது. முதலாம் அறை, பூச்சியம் ஆள். இரண்டாம் அறை, மைனஸ் பதினெட்டு, உள்ளே ஓர் ஆள்.

இரண்டாம் அறையா? கீழே நான் பார்த்தது ஓர் அறைதானே. பழைய ஞாபகம், எப்போதோ இருந்ததைக் காட்டுகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த இலக்கம் அசைந்தது. பதினெட்டு, பதினெட்டரை, பதினெட்டு... இல்லாத அறைக்கு எப்படிக் குளிர் ஏறி இறங்கும்? வயரில் ஏதாவது கோளாறு. அடுத்த வேலையைப் பார்ப்போம் என்று குனிந்து தட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆள் இருக்கோ?"

கண் திரையில். கை தானாகப் பெட்டிக்குப் போனது.

"இருக்கிறன், போங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் மூளைக்கு ஏறியது. கீழே ஒருவரும் இல்லையே!

டக்.

கதவின் பூட்டு. பச்சை விளக்கு சிவப்பாகியது.

எழும்பிப் போய் இழுத்தேன். அசையவில்லை. கதவுப் பொத்தானை அழுத்தினேன். இல்லை. ஃபோனை எடுத்து நஸ்ரி நாநாவுக்கு அடித்தேன். அடித்தது, எடுக்கவில்லை. ஜும்மா நேரத்தில் யார் எடுப்பார்கள்? கதவில் தட்டிக் கத்தினேன். சுவரெல்லாம் தடித்த தகடு. என் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. மணி 12.50.

சரி, சேர்வரை நிறுத்தினால் பூட்டு விடும். வயரைப் பிடுங்கினேன். விசிறி மெல்ல நின்றது.

திரை போகவில்லை.

இரண்டாம் அறை. உள்ளே ஓர் ஆள்.

"ஆள் இருக்கோ... கதவு பிடிச்சிட்டுது..."

ஆண் குரல். பல்லோடு பல் அடிபடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. "திறபடேல்ல... வாசலில என்னவோ நிக்குது..."

திரையில் 'திற' என்பதை அழுத்தினேன். மௌஸ் ஐஸ் கட்டியாக இருந்தது. என் மூச்சு வாயிலிருந்து புகையாக வந்தது. அறையின் குளிரூட்டியைப் பார்த்தேன். அது நின்றுபோய்க் கிடந்தது.

இரண்டாம் அறை. கதவு திறந்தது.

உள்ளே ஓர் ஆள்.

"ஆள் இருக்கோ?"

நான் பேசவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். பதில் சொல்லாவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். முட்டாள்.

டொம்.

கீழே தகட்டில் கை அடிக்கிற சத்தம்.

டொம். டொம்.

விரல் நுனிகள் மரத்துப்போயின. மார்பில் பால் கட்டி வலித்தது. சனூஸா அழத் தொடங்கியிருப்பாள். நான் இங்கேயே விறைத்துச் செத்தால் அந்தப் பிள்ளை யாரிடம் குடிக்கும்?

டொம்...

சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

"ஆள்... இருக்கோ..."

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுதேன். "இருக்கிறன் அண்ணா. நான் இருக்கிறன். போகேல்ல."

"எழும்பிப் போயிராதீங்கோ..."

"இல்ல."

"எல்லாரும்... அப்பிடித்தான்..."

"வல்லாஹி, சத்தியமா போகமாட்டன். இங்கயே இருப்பன்."

டக்.

பச்சை.

ஓடினேன்.

பையும் இல்லை, செருப்பும் இல்லை, கையில் ஃபோனும் ஸ்கூட்டர் சாவியும் மட்டும். படியில் இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஸ்கூட்டரில் ஏறப்போனவள் சீட்டில் கை வைத்துவிட்டு இழுத்துக்கொண்டேன். சீட்டு முழுவதும் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. அந்த வெயிலில்! அதன் மேலேயே ஏறி இருந்து கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் நஸ்ரி நாநா ஃபோன் எடுத்தார். ஏசுவதற்குத்தான் எடுத்திருப்பார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஸ்கூட்டரை எங்க விட்டனீங்கள்?"

"கூல் ரூமுக்குப் பக்கத்தில. சீமெந்துத் தரையில."

"அதிலதான் தங்கச்சி ரெண்டாம் ரூமிட வாசல் இருந்தது. அந்த ரூமை உடைச்சுப் போட்டம். அஞ்சலோ எண்டு ஒருத்தர். பாலையூற்று ஆள். போன வருஷம் ஜூலை. உள்ளுக்குப் போன நேரம் கரண்ட் போச்சு, கதவும் பிடிச்சிட்டுது. மேல இருந்த ஆள் ஜெனரேட்டரைப் பார்க்க எழும்பிப் போயிட்டார்."

"மேல ஆர் இருந்தது?"

"நான்தான்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் பையை ஆள் மூலம் அனுப்பினார்கள். வேறு ஒருவர் வந்து சேர்வரைப் புதிதாகவே போட்டுக் கொடுத்தாராம். பழைய ரெஜிஸ்ட்ரியின் ஒரு துளியும் மிச்சமில்லை. சுவரில் இருந்த பெட்டியையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பொருத்தினார்களாம். நல்லது என்று நினைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துக் கடைத்தெருவில் நஸ்ரி நாநாவைக் கண்டேன். சனூஸா என் இடுப்பில் இருந்தாள். சுகம் விசாரித்தார். நானும் சும்மா கேட்டேன், "இப்பவும் அந்தக் கதிரையிலதான் காவலோ நாநா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைத் தொட்டுக்கொண்டே சொன்னார்.

"இல்ல தங்கச்சி. இப்ப மேல ஆரும் இருக்கிறதில்ல. பெடியன்மார் கீழ இருந்து கேட்டா மறுமொழி வருது. முதல் பயந்தவங்கள். இப்ப பழகிட்டுது."

"என்ன மறுமொழி?"

"இருக்கிறன், போங்கோ எண்டு." குரலைத் தாழ்த்தினார். "உங்கட குரல்தான்."