பழனிவேல் அண்ணன் கடைசியாகப் படித்த புத்தகம்

லாரியிலிருந்து டயர் இறக்கிக்கொண்டிருந்தபோது பழனிவேல் அண்ணனின் மகன் சரவணனின் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க" என்றான். காலையில் குளிக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "வாரேன் சாமி" என்று சொல்லி வைத்துவிட்டு, மீதி லோடையும் இறக்கிவிட்டுத்தான் நான் கிளம்பினேன். கல்மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். கை வேலையை விட்டிருந்தால் அந்த டயர் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். கடைத்தெருவில் அது முடியாது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழனிவேல் அண்ணன் புதுச்சத்திரம் பக்கத்துக் காட்டுக்காரர், விவசாயக் குடும்பம். நிலத்தில் தன் பங்கைத் தம்பிக்கு விட்டுவிட்டு நாமக்கல்லில் லாரி உதிரிபாகக் கடை போட்டார். எதிர்ச்சாரியில் என் டயர் கடை. நான் பஞ்சர் ஒட்டி மேலே வந்தவன், அவர் கௌரவமான குடும்பத்திலிருந்து இறங்கி வந்து கையில் கிரீஸ் பூசிக்கொண்டவர். சரக்கு விஷயத்தில் இருவரும் விட்டுக்கொடுக்க மாட்டோம். என் வாடிக்கையாளர் ஒருவரை அவர் தன் உறவினரின் டயர் கடைக்கு அனுப்பிவிட்டார் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இதையும் சொல்லத்தான் வேண்டும். செத்தவரைச் சாமியாக்கினால் அவருக்கே பிடிக்காது.

எங்களைச் சேர்த்து வைத்தது புத்தகம். கல்லாவில் ஆள் வராத நேரத்தில் அவரும் படிப்பார், நானும் படிப்பேன். ரோட்டைத் தாண்டி வந்து, "என்ன மாணிக்கம், எதுல இருக்கறே?" என்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பிறந்தது. அவர் கடை மாடியில், கேஸ்கட் கட்டுகளுக்கும் பட்டை ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே, நாலு பிளாஸ்டிக் நாற்காலி. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி சரஸ்வதி அக்கா வருவார். தறிக்காரக் குடும்பம், இப்போது ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். போர்வெல் போடும் ரிக் வண்டி டிரைவர் குமார், வண்டி ஊர் திரும்பும் நாட்களில் வருவான். இன்னும் சிலர் வந்து போவார்கள்.

அண்ணன் போட்ட சட்டம் இரண்டு. கையில் இருக்கும், பாதியில் நிற்கும் புத்தகத்தைப் பற்றி மட்டுமே பேச வேண்டும். "முடிச்சவன் தீர்ப்பு சொல்ல ஆரம்பிச்சுருவானுங்க. பாதியில இருக்கறவனுக்குத்தான் அடுத்து என்னாகுமோன்னு பயம் இருக்கும். அந்தப் பயத்தைப் பேசுங்க" என்பார். அடுத்தது, முடிக்கும் வரை புத்தகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. தெரிந்தவன் குறுக்கே விழுந்து முடிவைச் சொல்லிவிடுவான் அல்லவா. அதனால் நாங்கள் எல்லோரும் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுத்தான் கொண்டு வருவோம். ஒருமுறை ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வந்து, தான் படித்து முடித்த ஒரு புத்தகத்தைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முடிச்சுட்டீங்களாங்க?" என்றார். "ஆமாம்" என்றார் அவர். "அப்ப டீ குடிங்க" என்றார் அண்ணன். அந்த அதிகாரி மறுபடி மாடி ஏறவில்லை.

அண்ணனுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் மஞ்சுளா, ஆத்தூரில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்த பையனைக் கட்டிக்கொண்டாள். வேறு சாதி. அண்ணி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சொந்தபந்தம் முழுக்க வந்து உட்கார்ந்து, மகள் இல்லை என்று அண்ணனைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் எழுந்தார்கள். அதன் பிறகு அவள் பெயரை அவர் உச்சரித்து நான் கேட்டதில்லை.

ஒரு வருடம் கழித்து அவள் புருஷனோடு கடைக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை. எதிரே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை முன்னால் நின்ற லாரிக்கு அடியில் அண்ணன் மல்லாந்து படுத்து, ஸ்பிரிங்கில் எந்தப் பட்டை உடைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சுளா லாரியருகில் வந்து, "அப்பா" என்றாள். "அப்பா, நானுங்க" என்று மறுபடியும் சொன்னாள். அவர் ஸ்பேனரைக்கூட அசைக்கவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு, வந்த வழியே போய்விட்டாள். அவர்கள் போன பிறகும் அவர் சீக்கிரம் வெளியே வரவில்லை. நானும் போய் எதுவும் கேட்கவில்லை.

அதற்குச் சில வருடங்கள் கழித்து, போன ஆடியில் ஒரு ஞாயிறு, அண்ணன் புதுப் புத்தகம் ஒன்றை ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். காலண்டர் அட்டை போட்ட தடிமனான புத்தகம். கதையில் ஒரு வியாபாரி, அவருக்கு ஒரு மகள், பிடிக்காத கல்யாணம். இந்தக் கதை எத்தனை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று நான் பாதி காதைத்தான் கொடுத்திருந்தேன். அடுத்தடுத்த வாரங்களில் கதை நகர்ந்தது. ஒருநாள் அவர் சொன்னார்:

"அந்த ஆளு லாரிக்கடியில படுத்திருக்கறாருங்க. மக வந்து நிக்கறா. அவருக்கு அவ கால் மட்டுந்தான் தெரியுது. ஒரு செருப்புல வார் அந்து, ஊக்கு குத்தியிருக்குது. அந்த ஊக்கையே பாத்துட்டுப் படுத்திருக்கறாரு."

அன்று எதிர்ச்சாரியில் நின்ற எனக்கு அந்த ஊக்கு தெரியவில்லை. லாரிக்கு அடியில் படுத்திருந்த ஒருவருக்குத்தான் அது தெரியும்.

மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. குமார் கொதித்துப் போனான். "என்ன ஆளுங்க அவன்! பெத்த புள்ள வெயில்ல நிக்குது, உள்ளார படுத்துக்கிட்டு ஊக்கை எண்றானா? நானா இருந்தா உருண்டு வந்திருப்பனுங்க."

"நீ வந்திருப்பே குமாரு" என்றார் அண்ணன். "உனக்குப் பங்காளிக கம்மி."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

வாராவாரம் அந்தப் புத்தகத்துக்காகவே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மற்ற புத்தகங்களைப் பற்றிய பேச்செல்லாம் சீக்கிரம் முடிந்தது. "அண்ணா, உங்க கதைக்கு வாங்க" என்பார் சரஸ்வதி அக்கா. அந்த அப்பன் போய்ப் பார்க்க வேண்டுமா, பார்த்தால் என்ன சொல்ல வேண்டும், வெறுங்கையோடு போவதா, பேரப்பிள்ளைக்கு ஏதாவது வாங்கிப் போவதா என்று எங்கள் மாடியில் பஞ்சாயத்தே நடந்தது. வெறுங்கையோடு போகட்டும், கொண்டுபோனால் சமாதானத்துக்கு விலை பேசுவதுபோல இருக்கும் என்றார் அக்கா. அண்ணன் ஒவ்வொருவர் சொல்வதையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். சரக்கு வாங்க வந்தவன் நாலு கடையில் விலை விசாரிப்பதுபோலத்தான் எனக்குத் தோன்றியது. வாங்கப் போகிறாரா, விசாரித்துவிட்டுப் போய்விடுவாரா என்பதுதான் தெரியவில்லை.

ஒரு வாரம் படியிறங்கும்போது கேட்டேன். "அண்ணா, அந்தப் புத்தகத்தை எனக்கு ஒரு வாரம் குடுங்களேன்."

என் முகத்தைப் பார்த்தார். "முடிக்காம எப்படி மாணிக்கம் தர்றது?"

"நீங்க முடிக்கற மாதிரி தெரியலைங்களே."

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. மேற்கொண்டு நானும் அழுத்தவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அண்ணா, இந்த வாரமாச்சும் அந்த ஆளு பஸ் ஏறணும். இல்லீன்னா இனிமே இந்தக் கதைய நான் கேக்கறதா இல்லைங்க." குமார் கை தட்டினான். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிறு. நாற்காலியில் உட்காரும் முன்பே, "பஸ் ஏறிட்டாருங்க" என்றார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஆலையில் விசாரித்தாராம். தெருவைக் கண்டுபிடித்தாராம். வெறுங்கையோடுதான் போனாராம். எதிர்ச்சாரியில், பூட்டிய ஒரு கடையின் நிழலில் நின்றாராம். வீட்டு வாசலில் ஒரு பிள்ளை சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்ததாம். "அது அவரைப் பாத்து, யாருங்க வேணும்னு கேட்டுச்சு. ஒண்ணுமில்ல சாமின்னு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டாருங்க."

"திரும்பிட்டாரா?" என்றார் சரஸ்வதி அக்கா.

"திரும்பிட்டாரு."

"ஏனுங்கண்ணா?"

"அதைப் போடலை அம்மணி." பிறகு காலண்டர் அட்டையைத் தடவிக்கொண்டே, "இன்னும் பக்கம் இருக்குதுங்க" என்றார்.

அந்த வாரமே அவர் போய்விட்டார். பக்கம் மிச்சம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் நடப்பதுதான். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். அதை நினைத்தால் தூக்கம் கெடுகிறது.

இழவு வீட்டுக்கு மஞ்சுளா வந்தாள். பந்தலுக்கு வெளியே புருஷனோடும் பிள்ளையோடும் நின்றாள். பெண்கள் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. சரவணன் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சரஸ்வதி அக்காதான் எழுந்து போய், அவள் யார் என்று தெரியாமலே, கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அப்பாவின் காலருகே அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. அவரை எடுக்கும் வரைக்கும் அந்தக் காலிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, என்னிடம் வந்தாள். "சித்தப்பா, ஞாயித்துக்கிழமை உங்ககூடத்தான உக்காந்திருப்பாரு. என்னைப் பத்தி ஏதாச்சும் பேசுவாருங்களா?"

நான் வியாபாரி. கேட்பவருக்குப் பிடித்த மாதிரி பேச எனக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் அது முடியவில்லை. "உன் பேரை அவரு எடுத்ததே இல்ல சாமி" என்றேன். பிறகு புத்தகத்தைச் சொன்னேன். லாரிக்கடியைச் சொன்னேன், ஊக்கைச் சொன்னேன், நாங்கள் பேசிய பஞ்சாயத்தையெல்லாம் சொன்னேன். ஆத்தூருக்கு வந்ததையும் சொன்னேன். திரும்பிப் போனதை மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்து, அதையும் சொல்லிவிட்டேன்.

"தெரியுங்க சித்தப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"மாடியில துணி காயப் போட்டுட்டு இருந்தனுங்க. அவரு தெருமுனையில திரும்பறப்பவே பாத்துட்டேன். அந்த நடை எனக்குத் தெரியாதுங்களா? கடை நிழல்ல நின்னாரு. புள்ளகிட்டப் பேசுனாரு. அப்பான்னு கூப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முன்ன கூப்புட்டப்ப வரலையே. இப்பவும் கூப்புட்டு, வராமப் போயிட்டாருன்னா? கூப்புடாம இருந்தா, இன்னொரு நாளைக்கு அவராவே வருவாருன்னு நெனச்சனுங்க. வந்த ஆளு மறுக்கா வராம இருப்பாருங்களா?"

இதை மஞ்சுளாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சரவணனுக்கும் பங்காளிகளுக்கும் பிடிக்காமல் போகலாம். அவர்கள் கோபத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

அண்ணா, நீங்கள் அங்கிருந்து திரும்பி நடந்தபோது அவள் ஈரத்துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மாடிச் சுவரோரம் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறாள். சுவர் முடிந்த இடத்தில் எக்கி நின்று, உங்கள் வெள்ளைச் சட்டை மெயின் ரோட்டுக் கூட்டத்துக்குள் போய்க் கலக்கும் வரைக்கும் பார்த்திருக்கிறாள். நீங்கள் ஒரே ஒரு முறை நின்றீர்களாம். திரும்பிப் பார்க்கப் போகிறீர்கள் என்று அவள் கையைத் தூக்கியிருக்கிறாள். ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றுவிட்டதாம்.

போய் வாருங்கள், அண்ணா.