விஜயகுமாரி அடித்த மேட் கோட்

தமிழ் வருஷப் பிறப்புக்கு மறுநாள் ஹேமந்த் ஜோலார்பேட்டையில் ரயிலேறினான். வியட்நாமில் ஷூ கம்பெனி வேலை, சென்னையிலிருந்து விமானம். வண்டி நகர்வதற்குள் அக்கா விஜயகுமாரியின் கையில் ஒரு ஸ்வீட் பெட்டியையும் சின்ன பாட்டிலையும் திணித்தான்.

"பாட்டில்ல இருக்கிறது மேட் வார்னிஷ்க்கா. மெல்லிசா ரெண்டு கோட் அடிச்சி பெங்களூருக்கு அனுப்பிடு. பளபளன்னு இருந்தா அப்பா எண்ண தேச்சிக் குளிக்கப் போறவரு மாதிரி தெரிவாரு."

"மேட்டு பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கிறியா? போடா."

பெட்டிக்குள் ஹேமந்த் தன் கையால் செய்து பெயின்ட் அடித்த, விரலளவு கூட இல்லாத ஆறு பொம்மைகள். ஜோலார்பேட்டை பிளாட்பாரமே அதில் இருந்தது. பிரியாணிப் பொட்டலம் விற்பவர், பூக்கூடைக்காரி, தூங்குகிற நாய், எல்லாருக்கும் நடுவில் பச்சைக் கொடியோடு அப்பா காசிநாதன். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வலது புருவத்துத் தழும்பைக்கூட ஹேமந்த் விடவில்லை. பெங்களூரில் இந்த மாதிரி பொம்மைகளுக்கு ஒரு போட்டி நடக்கும். அது முடிந்தபிறகுதான் அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

விஜயகுமாரி பதினெட்டு வயதில் ஆம்பூர் தோல் ஃபேக்டரிக்குப் போனவள். கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், கம்பெனியே கை மாறியது. அவள் கையிலிருந்த ஸ்ப்ரே கன் மட்டும் மாறவில்லை. தோலில் பளபளப்பை எவ்வளவு அடக்க வேண்டும் என்பதற்கு சூப்பர்வைசர் ஷபீ அஹமதே அவளைத்தான் கூப்பிடுவார். சீயக்காய் தேய்த்தாலும் போகாத அந்தப் பூச்சு வாசனையோடுதான் வீட்டில் சோறு பிசைவாள்.

தம்பி கொடுத்ததை அப்படியே அடித்திருக்கலாம். அவள் மனசு கேட்கவில்லை. ஃபேக்டரியில் தோலுக்கு அடிக்கிற மேட் பூச்சில் கொஞ்சம் கேட்டாள்.

"இன்னா விஜி, பொம்மைக்கு ஷூ தைக்கப் போறியா?" என்றார் ஷபீ அஹமது.

"தைச்சா உங்களுக்கும் ஒரு ஜோடி, பாய்."

துண்டுத் தோல் ஒன்றில் பாதிக்குத் தம்பியின் வார்னிஷும் பாதிக்குத் தன்னுடையதும் பூசினாள். காய்ந்ததும், தினம் செய்கிற மாதிரியே மடித்துப் பார்த்தாள். தம்பியுடையது மடிப்பில் வெள்ளையாக வெடித்தது. அவளுடையது அசையவில்லை. இதைப் போயா பெரிதாக வாங்கினான் என்று சிரித்தபடி ஆறுக்கும் தன் கோட்டையே அடித்தாள். பொம்மை மடங்காது என்பது அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை.

பார்க்க அருமையாகத்தான் இருந்தது. பஞ்சு சுற்றி பெட்டியில் அடுக்கி பீரோ மேல் வைத்தாள். அடுத்த வாரம் பார்சல் போட எடுத்தபோது, சித்திரை வெயிலில் பஞ்சு பொம்மையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தோலுக்கான பூச்சு இளக்கமாகவே இருக்கும், சூடு ஏறினால் பிசுக்கென்று பிடிக்கும். மெதுவாகத்தான் பிரித்தாள். பஞ்சோடு அப்பாவின் முகம் வந்துவிட்டது. புருவமும் தழும்பும் பஞ்சில் இருந்தன.

அவள் எதையும் அனுப்பவில்லை. போட்டி முடிந்த வாரம் ஹேமந்த் போன் செய்தான்.

"இன்னாக்கா ஆச்சு?"

"செலக்ட் ஆவலயாம்டா. பொட்டி திரும்பி வந்திடுச்சி."

"அப்ப நம்ம கை அவ்ளோதான் போல," என்றான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சாப்பிட்டியா என்று கேட்டாள்.

அதன்பிறகு அவன் பிரஷ்ஷைத் தொடவில்லை. எப்போது கேட்டாலும், "டைம் இல்லக்கா. நமக்கு எதுக்கு அந்த பேஜாரு," என்பான். அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும் பெட்டி அவள் கண்முன் வரும். தூக்கிப் போடவும் மனமில்லை, திறக்கவும் தைரியமில்லை. ஃபேக்டரியில் தோலை மடித்துப் பார்க்கிற வேலையைப் பக்கத்தில் நிற்பவளிடம் தள்ளிவிடுவாள். அப்பா, "தம்பி இப்பல்லாம் வரையறதில்லையாம்மா?" என்று கேட்டபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள்.

மூன்று வருஷம் கழித்து, கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது போனில் செய்தி வந்தது.

"அக்கா, நேத்து இங்க ஒரு கடைல மேட் வார்னிஷ் பார்த்தேன். மனசு கேக்கல, வாங்கிட்டேன். பிரஷ்ஷும் வாங்கினேன். பொங்கலுக்கு வர்றேன், அந்தப் பொட்டிய எடுத்து வை. தோத்த பொம்மைங்கன்னா இன்னா, அப்பா ஒருத்தர் பார்த்தா போதும். நீ அடிச்ச கோட் மேலயே நான் இன்னொண்ணு அடிக்கிறேன்."