தங்க நிற வண்டை நான் விசாரித்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலையோடு ஊர் ஊராகத் திரிந்து காட்டுத் தேனீயும் குளவியும் பிடிப்பது என் உத்தியோகம். பிடித்தது இன்னதென்று பாதி நாள் எனக்கே தெரியாது. தேனீ வேஷத்தில் ஈ வரும், குளவி வேஷத்தில் தேனீ வரும். ஒருமுறை ஈ என்று நினைத்து வெறுங்கையால் எடுத்தேன். கொட்டிய பிறகு லேபிளை மாற்றினேன்.

இதற்காகவே எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: ஃபீல்டில் பெயர் சொல்லாதே. பிடி, மருந்து வைத்த கில்லிங் ஜாரில் போட்டுக் கொல், ஊசியில் குத்திக் காயவை, மீதியை மைக்ராஸ்கோப் பார்த்துக்கொள்ளும். தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊரில், பேச்சியம்மாள் தோட்டத்தில்தான் அந்த விதியை மறந்தேன்.

மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு பேஷன் ஃப்ரூட் கொடிப் பந்தல். பந்தல்கால் அத்தனையும் மூங்கில். மூங்கிலில் விரல் நுழைகிற ஓட்டைகள். உள்ளேயும் வெளியேயும் முதுகில் மஞ்சள் ரோமம் வைத்த கறுப்பு வண்டுகள்.

"ஏண்ணே, பூச்சி ஆபீசுல இருந்து வந்தவுகதான நீங்க. இதுக பந்தக்காலப் பூராம் தொளைக்குதுக. மண்ணெண்ணெய ஊத்திக் கொளுத்திரவா?"

"கொளுத்திராத தாயி. இது வண்டு இல்ல, தச்சுத் தேனீ. ஒங்க பூவு பெருசு, சின்னத் தேனீக்கு எட்டாது. இது வந்து மகரந்தம் ஒட்டுனாத்தான் காய் பிடிக்கும்."

அதுவரை சரி. அங்கேயே வாயை மூடியிருக்கலாம்.

"அப்ப அந்தா, அந்தரத்துல நிக்குதே தங்கக் கலர்ல, அது யாரு?"

பார்த்தேன். உடம்பு முழுக்கத் தங்க நிறம். ஒரே இடத்தில் நின்று பறந்தது. வண்ணத்துப்பூச்சியைத் துரத்தியது, கறுப்புத் தேனீயைத் துரத்தியது, என் வழுக்கைத் தலையையும் ஒரு சுற்று விசாரித்தது. எனக்குக் குழப்பம். ஆனால் ஒரு பெண்பிள்ளை மரியாதையாகக் கேட்கும்போது தெரியாது என்று சொல்ல எந்த ஆபீசர் பழகியிருக்கிறார்?

"அது வேற சாதிப் பூச்சி. கறுப்பை வேலை செய்ய விடாது" என்றேன்.

"அடிச்சுரலாமா?"

"அடிச்சுரு தாயி."

இரண்டிலும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு தேனி ஆபீசுக்கு வந்தேன். சில நாள் கழித்து, ஆய்வகத்தில் பெயர் கண்டுபிடிக்கிற மேடம் இரண்டையும் லென்ஸில் வைத்தார். தங்கத்தின் உணர்கொம்பில் கணுக்களை எண்ணினார். கறுப்பைவிட ஒன்று அதிகம்.

"அண்ணே, ரெண்டும் ஒரே இனம். கறுப்பு பொண்ணு, மஞ்சள் ஆணு."

"கலரே சேரலையே மேடம்?"

"சேராது."

"அந்தத் துரத்து துரத்துச்சே?"

"பொண்ணு தேடுது, வேறென்ன பண்ணும்? இதுக்குக் கொடுக்குகூடக் கிடையாது."

போடி பஸ்ஸைப் பிடித்து, அங்கே மாறி, தேவாரத்தில் இறங்கி ஓடினேன். பேச்சியம்மாள் கையில் கொசு பேட்டோடு பந்தலுக்குள் நின்றார். காலடியில் கொட்டாங்குச்சி நிறையத் தங்கம்.

"நீங்க சொன்னாப்புல ஒன்னக்கூட விடலண்ணே. முந்தி ஒவ்வொரு காலுக்கும் ஒன்னு நிக்கும். இப்ப பாருங்க, பந்தலே வெறிச்சுனு கெடக்கு."

"மேடம் பாத்துட்டாக தாயி. அது வேற சாதி இல்ல. கறுப்போட மாப்பிள்ளை."

அவர் பேட்டின் ஸ்விட்சை அணைத்தார்.

"அப்ப இதுக குஞ்சு பொரிக்காதா?"

"வேற தோட்டத்துல இருந்து ஆம்பள வரும்." வருமா வராதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்த நிலையிலும் ஆபீசர் குரல்தான் வந்தது.

"வரலன்னா? கறுப்பும் அத்துப்போச்சுன்னா இந்தப் பூவெல்லாம் எப்பிடிக் காயாகும்?"

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மைக்ராஸ்கோப் பார்ப்பதற்கு முன்னால் வாய் திறந்தவன், பின்னால் பஸ் ஏற வேண்டும். அதனால் இந்த முறை தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"ஒவ்வொரு பூவுலயும் மகரந்தத்தை நம்ம கையால தொட்டு வைக்கணும் தாயி."

அவர் பந்தலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். தலைக்குமேல் மொட்டுகள் ஏராளமாகத் தொங்கின. பிறகு என்னைப் பார்த்தார்.

"உச்சிவெயிலுக்குத்தான் பூ விரியும், தெனம் வந்துருங்க."