ஆறு மரத்துக்கு எத்தனை மங்கு?

என் நோய் முதலில் பாராட்டாகத்தான் வந்தது. வலி இல்லை, மயக்கம் இல்லை. நான் செய்த பொம்மை ராணுவ லாரியில் அடுக்கியிருந்த ரேஷன் பெட்டிகளின் மேல் எழுதிய எழுத்துகள் மாதத்துக்கு மாதம் சிறுத்துக்கொண்டே வந்தன. அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த ஹமீது வாயைப் பிளந்தான்.

"எப்படி மச்சான் இவ்வளவு பொடிசா எழுதுற? எனக்கு சாமான்யத்துல வராதுலா."

ஹமீது மலேசியாவின் ஈப்போ நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். ஓய்வு கிடைத்தால் பொம்மை டாங்கி ஒட்டுவான். நான் லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர், வீடு செமோரில். எங்கள் இருவருக்கும் பொதுவான கிறுக்கு டயோராமா (ராணுவக் காட்சி ஒன்றை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அப்படியே செய்து வைப்பது). அவன் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் கை இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெயிண்டில் கலக்கும் தின்னர் நெடி வீட்டைத் தூக்குகிறது என்று என் மனைவி மல்லிகா கத்துவாள். எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. பழகிப்போன மூக்கு என்று சிரித்துக்கொள்வேன். நடக்கும்போது வலது கை வீசாமல் தொடையோடு ஒட்டிக்கொண்டு வருவதை அவள்தான் கண்டாள். இழுத்துக்கொண்டு போய் டாக்டர் முன் உட்கார வைத்ததும் அவள்தான்.

ஒரே வரியைக் கீழே கீழே எழுதச் சொன்னார் டாக்டர். எழுதினேன். ஐந்தாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"எப்போ இருந்து இப்படி எழுதறீங்க ஐயா?"

"அது என் கைவேலை டாக்டர்" என்றேன் பெருமையாக. அவர் சிரிக்கவில்லை.

பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் குறைந்து, உடலின் அசைவுகள் மெல்ல மெல்ல இறுகிப்போவது). எழுத எழுத எழுத்து சுருங்குவதும், மூக்கு மணம் இழப்பதும் அதன் ஆரம்பக் குறிகளாம். நான் திறமை என்று கொண்டாடிய ஒன்றை டாக்டர் ஒரு நோயின் பெயர் சொல்லி வாங்கிக்கொண்டார். நோய் வந்ததைவிட அதுதான் அதிகம் வலித்தது.

முதலில் தந்த மாத்திரை கையைக் கொஞ்சம் இளக்கியது. போதவில்லை. பிறகு இன்னொன்று சேர்த்தார் (டோபமின் செய்யும் வேலையை அதற்குப் பதிலாகச் செய்யும் மருந்து). அளவை ஏற்றிய பிறகு எனக்குப் பழைய வெறி திரும்பி வந்தது.

அப்போது நான் செய்துகொண்டிருந்தது ஒரு ரப்பர் தோட்ட வாசல். வெள்ளைக்காரன் ஆண்டபோது வந்த அவசரகாலத்தில், காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று சிப்பாய்கள் பால் எடுக்க மரம் சீவப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைத் திறந்து சோதிப்பார்களாம். அந்தக் காட்சிதான். ஒரு லாரி, இரண்டு சிப்பாய்கள், தூக்கை நீட்டும் ஒரு பெண், பின்னால் ஆறு ரப்பர் மரங்கள். மரத்துக்கு ஒரு மங்கு (பால் வடியும் கிண்ணம்) வேண்டும். மிளகைவிடச் சின்னது. களிமண் பசையை உருட்டி, குழித்து, உரசி எடுக்க வேண்டும்.

வேலை விட்டு வந்ததும் மேசையில் உட்காருவேன். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவேன். மல்லிகா முதலில் சந்தோஷப்பட்டாள். தேத்தண்ணி கலந்து வைத்துவிட்டுப் போவாள். "இப்படியே உருட்டிக்கிட்டு இருங்க, தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரில ஒரு கட்டில் சொல்லி வைக்கிறேன்" என்று கேலியும் செய்வாள். எனக்கோ அவ்வளவு ஆனந்தம். நோயை வென்றுவிட்டேன் என்றே நம்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையைத் துடைக்க வந்தவள் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்தாள். விளிம்பு வரை மங்குகள். கையில் அள்ளிப் பார்த்தாள்.

"மரம் ஆறுதானே இருக்கு. இதெல்லாம் யாருக்கு?"

மேசையைத் திரும்பிப் பார்த்தேன். லாரிக்குச் சக்கரம்கூட மாட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு முகம் இல்லை. வாரக்கணக்கில் நான் மங்கு மட்டுமே உருட்டியிருக்கிறேன். அது தெரிந்த பிறகும் என் விரல்கள் பசையைத் தேடின. அதை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

மல்லிகாவே டாக்டரிடம் போய்ச் சொன்னாள். "வீட்டம்மா சொல்லலைனா எனக்குத் தெரியவே வந்திருக்காது. உங்களுக்கு அது சந்தோஷமா இருந்திருக்கு, நீங்க எப்படிச் சொல்வீங்க?" என்றார் டாக்டர். இதற்குப் பண்டிங் என்று பெயராம் (மருந்தின் பக்கவிளைவாக ஒரே வேலையை நோக்கமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வது). பின்னால் சேர்த்த மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். இதே மாத்திரை போடுகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் திடீரென்று ஒரு ஆசை பொங்கினால் வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் காதில் வாங்குங்கள்.

மருந்து குறைந்ததும் வெறி போனது. கூடவே எல்லாம் போனது. மேசைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஹமீது வந்து லாரிக்குச் சக்கரம் மாட்டிக் கொடுத்தான். "நான் ஒட்டித் தாரேன், நீ உட்கார்ந்து சொல்லு போதும் மச்சான்" என்றான். என்ன சொல்வது? பொடி எழுத்து நோயுடையது. உழைப்பு மாத்திரையுடையது. இருபது வருடமாக நான் என்று நினைத்ததில் என்னுடையது எது என்று எனக்கே தெரியவில்லை. கை நடுங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சந்தேகம் ஆளைத் தின்றுவிடும். களைத்துப்போனேன்.

இப்போது என் நாள் மாத்திரையில் தொடங்குகிறது. விழித்ததும் உடம்பு மரக்கட்டை. புரண்டு படுக்கவும் மல்லிகா தோளைப் பிடிக்க வேண்டும். மாத்திரை போட்டு, காத்திருந்து, உடம்பு இளகிய பிறகுதான் பல் துலக்குவேன். ஒரு சட்டைப் பொத்தானுக்கு முன்பு ஒரு டாங்கிச் சங்கிலிக்குக் கொடுத்த பொறுமை வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு காலை. விழித்துக் கிடந்தேன், அசையவில்லை. தூக்கைத் திறக்கும் அந்தச் சிப்பாயின் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது. நான் நிமிர்த்தி வைத்திருந்தேன். அது தப்பு. இன்னொருத்தியின் சோற்றைக் கிளறுகிறவன் அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். கழுத்தைக் கொஞ்சம் வெட்டித் தாழ்த்த வேண்டும். உடனே எழுந்து வெட்ட வேண்டும் போலிருந்தது.

மல்லிகா தண்ணீரும் மாத்திரையுமாக வந்தாள்.

"கொஞ்சம் பொறு. ஒரு யோசனை வந்திருக்கு."

"மாத்திரை போட்டாத்தானே கை வரும்?"

"அதான் மல்லிகா. இன்னும் மாத்திரையே போடலை. யோசனை அதுக்கு முன்னாலயே வந்துடுச்சு."

டம்ளரை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"சரி, சொல்லுங்க. என்ன யோசனை?" என்றாள்.