சித்தி தட்டைத் தொட்ட நாள்

அண்ணாவின் கலியாணத்துக்குப் பொன்னுருக்கிய அன்று காலை எங்கள் வீட்டில் நடந்த முதல் சடங்கு, கூரையிலிருந்த, புகை பட்டால் அலறும் மணிக்கு ஷொப்பிங் பை கட்டியது. அப்பா கதிரையில் ஏறி நின்றார். அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பையை ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனிதரை நம்பிக் கடல் கடந்து வந்தேனே என்று புலம்பினார். மொன்றியலை அடுத்து நாங்கள் இருந்த லவாலில், எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் சாம்பிராணி போடப் போய்த் தீயணைப்பு வண்டி வாசலில் வந்து நின்ற கதை அப்போது புதிது. அதனால் அக்கினியை மூட்டுவதற்கு முன் மணியின் வாயைக் கட்டினார்கள்.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டுச் சடங்கு. தாலிக்கான பொன்னை உருக்குவதற்குப் பத்தர் வீட்டுக்கே வருவார். உருகி இறுகிய பொன்னை வெற்றிலையில் வைத்துத் தட்டில் கொண்டு வருவார்கள். கட்டுக்கழுத்திகள், அதாவது புருஷன் உயிரோடு இருக்கும் பெண்கள், ஒவ்வொருவராகத் தட்டைத் தொட்டு வாழ்த்துவார்கள். புருஷனை இழந்தவர்கள் முன்னுக்கு வருவதில்லை. அவர்களை யாரும் போ என்று சொல்வதும் இல்லை. அவர்களாகவே குசினிக்குள் போய் எதையாவது நறுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அண்ணா ஊரில் பிறந்தவர், நான் மொன்றியலில் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு யுத்தத்தின் பெரும் பகுதி கிடந்தது. அந்த யுத்தத்தின் கடைசிப் பகுதியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் சித்தி, அம்மாவின் தங்கை. பேஸ்மென்டில் எனக்கும் அவருக்கும் ஒரே அறை. விடிவதற்கு முன் பஸ் பிடித்துப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கப் போவார். திரும்பி வந்ததும் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, என்னைப் பிரெஞ்சில் எண்ணச் சொல்லிக் கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். வன்னியிலிருந்து பெண்கள் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் ‘ரீச்சர்’. மகளைக் கட்டிக்கொடுக்கலாமா, ஊர் அதிகாரியான விதானையாரிடம் என்ன சொல்வது, காணியை விற்கலாமா என்று அவரைக் கேட்பார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொல்வார். பெட்டி அடுக்குகிற சித்தியிடம் இப்படி ஒரு குரல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் ஆச்சரியப்படுவேன்.

ஊரில் அவர் பள்ளிக்கூட ஆசிரியை, மாதர் சங்கத் தலைவி. யுத்தம் நீள நீள வீட்டுக்கு வீடு விதவை என்றாகி, நல்ல காரியங்களில் குசினிகள் நிரம்பி வழிந்தன, கூடத்தில் தட்டைத் தொட ஆளில்லை. எங்கள் ஊரில் இனி ஒருத்தியும் குசினிக்குள் ஒதுங்கக்கூடாது என்று சித்தி சொன்னார். சொன்னதோடு விடாமல், முதலாவது கலியாணத்தில் ஒருத்தியைக் கையில் பிடித்து இழுத்து வந்து முன்னுக்கு நிறுத்தினார். பெரியவர்கள் சிலர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். அடுத்தடுத்த கலியாணங்களில் அவர்களும் சாப்பிட்டுவிட்டே போனார்கள்.

பிறகு யுத்தம் முடிந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேசியதில்லை. வளர்ந்த பிறகு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சனங்கள் சண்டை நடந்த இடத்தைவிட்டு வெளியே வந்த இடத்தில், இயக்கத்தோடு ஒருநாள் மட்டும் தொடர்பு இருந்தவர்களும் பதிய வேண்டும், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ஆமிக்காரர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர்ப் பெண்கள் சித்தியைச் சுற்றி நின்று, என்ன செய்கிறது ரீச்சர் என்று கேட்டார்கள். சித்தி போய் ஓர் அதிகாரியிடம் பேசினார். அவர் மரியாதையாகப் பேசி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாராம். சித்தி திரும்பி வந்து, பதியுங்கோ, நான் பொறுப்பு என்றார். மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று சித்தப்பாவை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார். சித்தப்பா செய்த குற்றம், இயக்கம் நடத்திய கடையொன்றில் கொஞ்சக் காலம் கணக்கெழுதியது. பஸ் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. அதில் போன எவரும் திரும்பவில்லை.

அதன்பின் அந்தப் பெண்களைத் திரட்டி, காணாமல்போனவர்களின் படங்களோடு தெருவோரம் நிறுத்தியவரும் சித்திதான். அவர்களுக்கு அவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். யாரும் தாலி கழற்றக்கூடாது, மரணச் சான்றிதழ் வாங்கக்கூடாது, அந்தியேட்டி முதலிய எந்தச் செத்தவீட்டுக் கிரியையும் செய்யக்கூடாது. செத்துவிட்டார்கள் என்று நாங்களே ஒப்புக்கொண்டால் பிறகு யார் தேடுவார்கள் என்பது அவருடைய கேள்வி. மிரட்டல் வாசல்வரை வந்தபோது அம்மாவும் அப்பாவும் பாடுபட்டு அவரை இங்கே எடுத்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா பிறகு வருவார் என்பது மட்டும்தான். லவாலில் இருந்த எனக்கு அது ஏதோ விசாப் பிரச்சினை.

அண்ணாவின் பொன்னுருக்குக்கும் சித்தி நிபந்தனை போட்டார். புருஷன் இல்லாதவர்களும் முன்வரிசையில் இருப்பார்கள், தட்டை முதலில் அவர்கள்தான் தொடுவார்கள், இல்லையென்றால் அன்று வேலைக்குப் போய்விடுவேன் என்றார். பெண் வீட்டார் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள் என்று அம்மா பயந்தார்.

"இவளின்ர வாயை மூட ஆமியாலயே ஏலாமல் போச்சு, என்னாலயோ?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுச் சம்மதித்தார்.

அன்று வந்தவர்களில் ஒரு பெண்ணை நான் முன்பு கண்டதில்லை. ஊரில் சித்தியின் பக்கத்துத் தெருவாம். தமையன் குடும்பத்தோடு இருக்க மொன்றியலுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூடவே ஒரு மகன், என்னைவிட உயரம், கடைசிவரை குளிர் கோட்டைக் கழற்றாமல் நின்றான். சித்தியைக் கண்டதும் அந்தப் பெண் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தனியாக ஒரு கதை கதைக்கவேண்டும் என்றார். சித்தி அவரைக் கீழே எங்கள் அறைக்குக் கூட்டி வந்தார். நான் அங்கே கட்டிலில் உட்கார்ந்து காப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை இருக்கிறா," என்றார் அந்தப் பெண்.

"இருக்கட்டும். இவளுக்குத் தமிழ் அரைகுறை. ஒண்டும் விளங்காது," என்றார் சித்தி.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அன்று அவர்கள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு விளங்காமல் போகவில்லை. விடயம்தான் விளங்கவில்லை.

"நீங்கள் சொன்னபடி நான் தாலி கழட்டேல்லை ரீச்சர். அந்தியேட்டி செய்யேல்லை. அழவும் இல்லை. அழுதால் நானே அவரைச் சாகக் குடுத்த மாதிரிப் போயிடுமெண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு இருந்திட்டன். இனி ஏலாது. மகன் கேக்கிறான், அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கட்டோ எண்டு. நீங்கள் ஓமெண்டால் செய்யிறன். வேண்டாமெண்டால் விட்டிடுறன்."

சித்தி என் காப்பு ஒன்றை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"உங்கட மனசுக்குப் பட்டதைச் செய்யலாம்தானே. என்னை ஏன் கேக்கிறியள்?"

"அண்டைக்கும் உங்களைக் கேட்டுத்தானே அனுப்பினனாங்கள்," என்றார் அந்தப் பெண். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. வழி கேட்டு வந்தவர், முன்பும் உங்களிடம்தானே கேட்டேன் என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மேலே யாரோ நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. சித்தியின் விரலில் காப்பு சுற்றிக்கொண்டே இருந்தது.

"செய்யுங்கோ," என்றார் கடைசியில்.

"அப்ப அவர் இல்லைத்தானே ரீச்சர்?"

"இல்லை."

அந்தப் பெண் என் கட்டிலில் விழுந்து அழத் தொடங்கினார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை. பயத்தில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். சித்தி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சித்தியின் கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. எனக்கு அது வேறு யாருடைய துக்கமோ என்றுதான் பட்டது.

நாங்கள் மேலே வந்தபோது பத்தர் வேலையைத் தொடங்கியிருந்தார். நீல நெருப்பு உஸ்ஸென்று ஊதியது. அப்பாவின் கண் கூரையில் தொங்கிய பையைவிட்டு நகரவில்லை. பொன் உருகிக் குமிழாகி இறுகியதும் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு சித்தியைத் தேடினார். காணவில்லை. போய்க் கூட்டிவா என்று என்னை அனுப்பினார்.

சித்தி குசினிக்குள் நின்றார். சாப்பாடெல்லாம் கடையில் எடுத்தது, அலுமினியத் தட்டுகளில் மூடியபடி இருந்தது. அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. அவர் கழுவி வைத்திருந்த கிளாஸ் ஒன்றைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா கூப்பிடுறா."

"நீங்கள் தொடங்குங்கோ எண்டு சொல்லு பிள்ளை. எனக்கு இங்க வேலை கிடக்கு."

"என்ன வேலை?"

அவர் கிளாஸை இன்னொரு முறை குழாயடியில் பிடித்தார். நான் கூடத்துக்கு ஓடி வந்து, அத்தனை பேரும் கேட்கும்படி கத்தினேன்.

"சித்தி வரமாட்டாவாம்! குசினிக்குள்ள நிக்கிறா!"

முன்வரிசையில் சித்தி பார்த்துப் பார்த்து இருத்திய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் வயதில் மூத்தவர் முதலில் எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் குசினிப் பக்கம் நடந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ரீச்சரே உள்ளுக்கென்றால் எங்களுக்கு என்ன வந்தது என்று ஒருவர் மெல்லச் சொன்னது கேட்டது. அழுது வீங்கிய கண்ணோடு அந்தப் புதிய பெண்ணும் எழுந்து போனார். அம்மா தட்டோடு நடுக்கூடத்தில் தனியாக நின்றார். அண்ணா பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவர்களுக்குப் பின்னால் குசினிக்கு ஓடினேன். அவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் ஓரமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். மூத்தவர் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு, நறுக்குவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தார். சத்தம் கேட்டுச் சித்தி திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"ஆர் உங்களை இங்க வரச் சொன்னது?"

"நீங்கள் இங்க நிண்டீங்கள் ரீச்சர். அதுதான்," என்றார் மூத்தவர்.

சித்தி போய் அவருடைய கையிலிருந்து கத்தியை வாங்கி மேசையில் வைத்தார். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். மைக்ரோவேவ் கதவின் கண்ணாடியில் பார்த்துப் பொட்டை நடுவுக்கு நகர்த்தினார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் குரலில், "நடவுங்கோ எல்லாரும்," என்றார்.

அவர்தான் முன்னால் போனார். தட்டை முதலில் தொட்டவரும் அவர்தான். நல்லாயிருக்கோணும், நீண்டகாலம் இரண்டு பேருமாக இருக்கோணும் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி அண்ணாவை வாழ்த்தினார், சிரித்தார். அதன்பின் ஒவ்வொருவராக வந்து தொட்டார்கள். நான் கத்திய கத்தலில்தான் எல்லாம் சரிவந்தது என்று எனக்கு ஒரே பெருமை. பெட்டி நிறைய வந்திருந்த லட்டில் எனக்கு நானே இரண்டு பரிசளித்துக்கொண்டேன்.

வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்: சித்தப்பாவை ஏற்றிப்போன அதே பஸ்ஸில், அவருக்கு அடுத்ததாக ஏறியவர் அந்தப் பெண்ணின் புருஷன். பின்னால் ஏறியவர் இல்லை என்று சொன்ன வாய், முன்னால் ஏறியவரை மட்டும் எப்படி வைத்திருக்கும்? என் கட்டிலில் உட்கார்ந்து, என் காப்பை விரலில் சுற்றிக்கொண்டு, சித்தி தன் புருஷனைச் சாகக் கொடுத்தார். அதற்காக அந்தப் பெரிய வீட்டில் அவர் கேட்டது கொஞ்ச நேரம் நிற்க ஒரு குசினி. அது கிடைக்கவில்லை. ஊரை வழிநடத்தியவர் ஒரு மூலையில் ஒதுங்கினால் அதுவும் கட்டளையாகிவிடுகிறது, பின்னால் ஒரு வரிசை வந்து நின்றுவிடுகிறது. அந்தப் பெண்கள் எவரிலும் பிழையில்லை. ஆனாலும் நினைக்கும்போது எனக்கு அவர்கள் எல்லோர்மேலும் கோபம் வருகிறது, அழுகையும் வருகிறது.

சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, சித்தி குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனார். நானும் சப்பாத்தை அரைகுறையாக மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். மார்ச் முடியப்போகிறது, இருந்தும் வேலியோரம் ஊத்தைப் பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. சித்தி பையை வைத்துவிட்டு உள்ளே திரும்பாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். கூப்பிடுவதுபோல, அதே சமயம் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. ஓர் ஆம்பிளையின் பெயர், நான் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டிராத பெயர்.

"அது ஆர் சித்தி?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தருமில்லை. குளிருதோ உனக்கு?"

கட்டிய நாளிலிருந்து சித்தி சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊரில் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்றுகூட நான் யோசித்ததில்லை. அங்கே ஒரு செத்தவீடு நடந்துகொண்டிருந்தது, அதற்கு வந்திருந்தது நான் ஒருத்திதான். எனக்குக் குளிர்ந்தது. ஓம், உள்ளே போவோம் என்று அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வந்தார்.