ஐம்பத்திரண்டு நாள் சத்தியம்

எங்கள் கோயிலில் அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் இப்போது எவனும் சத்தியம் பண்ணுவதில்லை. பண்ண வருகிறவனையும் நேசமலர் ரீச்சர் வாசலிலேயே மறித்து அனுப்பிவிடுகிறார். அந்தச் சத்தியத்தை இந்தப் பகுதியில் வளர்த்துவிட்டவரே அவர்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது என்று ஊரில் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களின் பல்லைத் தட்டவேண்டும்போல எனக்கு வரும். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

ரீச்சரின் தகப்பன் வயல்காணி கிடைக்கும் என்று யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரம் பக்கம் வந்து குடியேறியவர். ரீச்சர் இங்கேயே பிறந்து, இங்கேயே முன்பள்ளி ஆசிரியையாகி, கடைசிச் சண்டையில் புருசனையும் இடது கையில் இரண்டு விரல்களையும் இழந்தவர். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது தன் வீட்டுக்குக் கூரை போடுமுன் முன்பள்ளிக்குத் தறப்பாள் கட்டினார். வாய் பொல்லாதது. கோயில் சபைக் கூட்டத்தில் எழும்பி நின்று, "ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்துப் பூசையிலை நன்மை வாங்கினால் கிறிஸ்தவம் முடிஞ்சுதோ?" என்று எங்கள் முகத்துக்கு நேரே கேட்பார். சபைச் செயலாளர் என்ற முறையில் நான் அதைக் குறிப்பில் எழுதாமல் விட்டுவிடுவேன்.

முன்பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக் கதை எல்லாவற்றையும் கொட்டிவிடும். அப்பா கசிப்புக் குடிச்சார், அம்மாவுக்கு அடிச்சார், சோத்துப் பானையை உதைச்சார். மற்ற ஆசிரியைகள் கேட்டுவிட்டு அகர வரிசை படிப்பிப்பார்கள். ரீச்சர் பள்ளி விட்டதும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுவார். பேசி, திட்டி, கெஞ்சி, அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த மனுசனைக் கோயிலுக்கு இழுத்து வருவார். சுருபத்தின் பாதத்தில் கை வைத்து, ஒரு வருடத்துக்குக் குடிப்பதில்லை என்று சத்தியம். சைவக்காரரும் வந்தார்கள். பிள்ளையாரிடம் பொய் சொன்னாலும் அவர் பொறுத்துக்கொள்வார், அந்தோனியார் விடமாட்டார் என்று அவர்களுக்கு ஒரு பயம்.

ஏழு வருடத்தில் நாற்பது பேருக்குக் கிட்டச் சத்தியம் பண்ணினார்கள். பாதிப்பேர் காப்பாற்றினார்கள். அந்த வீடுகளில் உலை ஒழுங்காகக் கொதித்தது. அதை நான் மறுக்கமாட்டேன். "ரீச்சர் கூட்டிவைத்த குடும்பம்" என்று ஊரில் ஒரு சொல்லே புழங்கியது. ரீச்சருக்கு அந்தச் சொல்லைக் கேட்க ஆசை. ஆசைப்பட்டால் என்ன, வேறு என்ன மிச்சம் இருந்தது அந்த மனுசிக்கு?

இரண்டாயிரத்துப் பதினெட்டில், மாரி தொடங்கும் காலம், ஒரு காலையில் ஜெயரூபி முன்பள்ளி வாசலில் வந்து நின்றாள். இருபத்தாறு வயது. ஒரு கையில் நாலு வயது மகள் தேனுகா. மற்றக் கை மணிக்கட்டில் வீங்கித் தொங்கியது. அவளுடைய குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டுக்காணியில் குடியேறியது. அவள் கட்டியது எங்கள் கோயில் பிள்ளை மதுசனை. உழவு மிசின் ஓட்டுகிறவன், தகப்பனுக்கு ஆறு ஏக்கர் வயல். அந்த வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விடத் தோட்டக்காட்டாள் என்று கூப்பிட்டதுதான் கூட. இதுவும் எங்களுக்கெல்லாம் தெரியும்.

ரீச்சர் அவளை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய் எலும்பு வைத்துக் கட்டுவித்தார். பதினொரு நாள் தன் வீட்டில் வைத்திருந்தார். இரண்டாம் நாளே ஜெயரூபி தானாகப் பொலிசுக்குப் போய் முறைப்பாடு கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் மதுசனின் தாய் ரீச்சரின் வீட்டு வாசல் படலையில் வந்து தலையில் அடித்து அழுதாள். மதுசனும் வந்தான். செவ்வாய்க்கிழமை கோயிலில் சுருபத்தின் காலைக் கட்டிக்கொண்டு அவன் அழுத அழுகையில் எனக்கே கண் கலங்கியது. ஒரு வருடச் சத்தியம். மறுநாள் ரீச்சர் ஜெயரூபியை அழைத்துப்போய், சமாதானமாகப் போகிறோம் என்று முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைத்தார். அங்கிருந்து நேரே ஸ்கூட்டியில் ஏற்றி, மதுசன் வீட்டுப் படலையில் இறக்கிவிட்டார்.

இறங்கின கையோடு ஜெயரூபி ஒன்று சொன்னாள். அதை ரீச்சர் எனக்குச் சொன்னது பல மாதங்களுக்குப் பிறகு.

"ரீச்சர், அவர் குடிவெறி இல்லாமலும் அடிக்கிறவர்."

"அது பழைய வெறியின்ரை மிச்சம், பிள்ளை. குடியை விட்டால் எல்லாம் சரி வரும். அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்," என்று சொல்லிவிட்டு ரீச்சர் ஸ்கூட்டியைத் திருப்பினார்.

ஐம்பத்திரண்டாம் நாள் பின்னேரம் நாலரை மணிக்கு ரீச்சர் அந்தப் பக்கத்தால் வந்தார். மதுசன் முற்றத்தில் உழவு மிசினைக் கழுவிக்கொண்டு நின்றான். "ஐம்பத்திரண்டு நாள், ரீச்சர்! ஒரு சொட்டு இல்லை," என்றான். ரீச்சர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். ஜெயரூபி குசினி வாசலில் நின்றாள், சிரிக்கவில்லை, கதைக்கவும் இல்லை. வேலை கிடக்கிறதாக்கும் என்று ரீச்சர் வந்துவிட்டார். ஐந்தரைக்குள் எல்லாம் முடிந்தது. தேனுகா அப்போது அப்பம்மா வீட்டில். ஆடைத் தொழிற்சாலை வேலைக்குப் போகட்டுமா என்று ஜெயரூபி கேட்டாளாம். மண்வெட்டிப் பிடியால் அடித்தான். ஒரு அடி இல்லை, பல அடிகள்.

அடித்துவிட்டு ஓடி, கசிப்புக் காய்ச்சுகிற பற்றைக்குள் போய் மூக்கு முட்டக் குடித்தான். பொலிஸ் பிடித்தபோது நிற்க முடியாத வெறி. ஊர் அதோடு கணக்கை முடித்துவிட்டது. குடி குடியைக் கெடுக்கும், சத்தியத்தை மீறினான், அந்தோனியார் தண்டித்தார். எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. செத்த வீட்டில் நானும் அதையே நாலு பேருக்குச் சொன்னேன்.

அவன் கொன்றபோது குடித்திருக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் ரீச்சர். பொலிஸ் அவரிடம் மதுசனைக் கண்ட நேரத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு போனது. வழக்கு மேல்நீதிமன்றத்துக்கு வர ஐந்து வருடம் பிடித்தது. வெறியில் அறிவில்லாமல் செய்தான் என்று காட்டிவிட்டால் குற்றம் கொலையிலிருந்து இறங்கும். மதுசனின் வழக்கறிஞர் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். ரீச்சருக்கு அழைப்பாணை வந்த கிழமை, பூசை முடிந்ததும் சபைக்காரர் ஐந்து பேர் அவரைச் சுற்றி நின்றோம். அழைப்பாணையை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் வாய் திறந்தவன் நான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, ரீச்சர். குடிச்சிருந்தவனோ எண்டு கேட்டால் கவனிக்கேல்லை எண்டுங்கோ. அது பொய் இல்லைத்தானே."

"குடிக்காமல் கொலை செய்தவன் எண்டு சொன்னால், பிறகு சத்தியத்துக்கு என்ன மதிப்பு? அந்தோனியாருக்கும் அவமானம்," என்றார் மற்றொருவர்.

"அந்தோனியாருக்கு நான் வக்கீலோ?" என்று ரீச்சர் பாய்ந்தார். ஆனால் சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. விறுவிறு என்று போய்விட்டார்.

அன்று பின்னேரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அவர் என்ன முடிவெடுத்தார் என்று வேவு பார்க்கத்தான் போனேன். குசினிக் கதிரையில் அவித்த கச்சான் கடலையோடு இருந்தார். ஜெயரூபியின் தகப்பன் வீரபாகு கொண்டுவந்து கொடுத்தது. மேட்டுக்காணியில் விளைகிற முதல் கச்சான் ஒவ்வொரு வருடமும் ரீச்சருக்குத்தான். தன் மகளைப் பதினொரு நாள் வைத்துச் சோறு போட்ட சாமி என்று அந்த மனுசன் இவரைக் கும்பிடுவார். முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைத்ததோ, படலையில் மகள் சொன்னதோ அவருக்குத் தெரியாது. மகள் தானாகத் திரும்பிப் போனாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"பாவசங்கீர்த்தனம் செய்திட்டன், அண்ணை," என்றார் ரீச்சர். "அஞ்சு வருசத்துக்கு முந்தியே. பங்குச் சுவாமி, கடவுள் மன்னிச்சிட்டார் எண்டு, அம்பத்து மூண்டு மணிச் செபம் சொல்லச் சொன்னவர். சொன்னனான். அதுக்குப் பிறகும் இந்தக் கச்சான் தொண்டைக்குள்ளை இறங்குதில்லை. நான் பிழை விட்டது கடவுளுக்கோ? வீரபாகுவிட்டை நான் இன்னும் கேக்கேல்லை."

"அப்ப வீட்டை போய்த் தனியச் சொல்லுங்கோவன். கோட்டிலை ஏன்?"

"தனியச் சொன்னால் அவருக்கு என்னட்டை மட்டும் கோவம் வரும். அவனுக்குக் குறைஞ்ச தண்டனை கிடைக்கும். அவள் குடிகாரன்ரை கையாலை செத்தவள் எண்டே ஊர் சொல்லும்." கோதை உடைத்துவிட்டுப் பருப்பைத் தின்னாமல் தட்டில் வைத்தார். "அடுத்தவளையும் நீங்கள் எல்லாரும் சேர்ந்து இதே மாதிரித் திருப்பி அனுப்புவியள். எனக்குப் பயமாக் கிடக்கு, அண்ணை. அந்த மனுசன்ரை முகத்தை நினைக்கப் பயமாக் கிடக்கு."

வழக்கு நாளில் நானும் போனேன். வீரபாகு முன் வரிசையில், தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டையோடு இருந்தார். ரீச்சர் கூண்டில் ஏறியதும் அவருக்குக் கை கூப்பினார். ரீச்சர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அரச தரப்பு வழக்கறிஞர் நேரத்தைக் கேட்டார். பிறகு எதிரி மதுசன் அப்போது எப்படி இருந்தார் என்று கேட்டார். "சுத்தமா இருந்தவர், ஐயா. குடிக்கேல்லை," என்றார் ரீச்சர். எதிரியின் வழக்கறிஞர் துள்ளி எழும்பினார். வாயை மணந்து பார்த்தீர்களா என்று கேட்டார்.

"தோளிலை தட்டி முகத்துக்கு முகம் கதைச்சனான். பன்ரண்டு வருசமாக் குடிகாரரோடை மாரடிக்கிறன். எனக்கு மணம் தெரியாதோ?"

"குடியை விட்டுத் திருந்தியவர் ஏன் மனைவியை அடிக்கப் போகிறார்?"

"அவன் குடியாலை அடிக்கேல்லை. வெறி இல்லாமலும் அடிக்கிறவர் எண்டு அவள் எனக்குச் சொன்னவள்."

"எப்போது?"

"முறைப்பாட்டை நான் வாபஸ் வாங்கப்பண்ணிக் கொண்டுபோய் விட்ட அண்டைக்கு. படலையடியிலை."

"தெரிந்துகொண்டே விட்டுவிட்டு வந்தீர்களா?"

"ஓம்."

"ஏன்?" வழக்கறிஞர் அவரைப் பொய்க்காரி ஆக்கத்தான் அதைக் கேட்டார். ரீச்சர் இரண்டு விரல் இல்லாத கையால் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வீரபாகுவைப் பார்த்துப் பதில் சொன்னார்.

"நான் கூட்டிவைச்ச குடும்பம் எண்டு நாலுபேர் சொல்லவேணும் எண்டு இருந்தது, ஐயா. அவள் சொன்னது என்ரை காதிலை விழுந்தது. எனக்குக் கேக்கப் பிடிக்கேல்லை."

கொலைக் குற்றம்தான் என்று ஏழு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஊரில் பாதிப்பேர் இப்போது ரீச்சரோடு கதைப்பதில்லை. மற்றப் பாதியில் அடிபடுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை ரீச்சர் தானே பொலிசுக்குக் கொண்டுபோகிறார், வாபஸ் வாங்க எவன் வந்து அழுதாலும் படலையைத் திறப்பதில்லை. அதெல்லாம் பிறகு. ரீச்சர் சாட்சி சொன்ன அன்று மத்தியானம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மன்றிலிருந்து வெளியே வந்து, எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் ரீச்சர் இருந்தார். நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வீரபாகு வீதியைக் கடந்து எங்களிடம் வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். ரீச்சர் எழும்பி நின்றார்.

"என்னை ஏசுங்கோ, ஐயா," என்றார்.

வீரபாகு வாங்கின் நுனியில் மெல்ல இருந்தார்.

"எங்கிட்டயும் சொன்னா டீச்சரம்மா," என்றார். "கல்யாணம் முடிஞ்ச வருசமே சொன்னா. கைப்புள்ளையோட ஒருக்கா வீட்டுக்கே வந்துட்டா. வசதியான வீடு, பொறுத்துப் போ தாயின்னு நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா."

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போன மாசம் கூண்டுல ஏத்திக் கேட்டாங்க. மக எங்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லீங்கன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டேன்." அவர் வெள்ளைச் சட்டையின் நுனியால் முகத்தைத் துடைத்தார். "இப்பப் போயி மாத்திச் சொன்னா எடுத்துக்குவாங்களா?"

அவர்கள் இரண்டு பேரும் வீதியைக் கடந்து மன்றின் வாசலுக்குத் திரும்பிப் போனார்கள். மத்தியான இடைவேளைக்குக் காவலாளி கதவைச் சாத்திவிட்டான். அவர்கள் வெயிலில் நின்றார்கள்.